அடோவாவுக்குத் தைத்த சிவப்பு உடுப்பு

1

போன செவ்வாய்க்கிழமை அபெனாவுக்கு விசா வந்தது. என் தையல் கடையைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அளவு கொடுக்க வருபவர்கள் இருக்கும் நாற்காலியில் பொத்தென்று இருந்தார். தாயின் முதலாம் ஆண்டு நினைவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார். சாவுக்குப் போகமுடியாத மகள் ஆண்டுக்காவது போகிறாளே என்று நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது முழுதாக விளங்காது. இங்கே விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்தால், முடிவு வரும்வரை நீங்கள் அசையக்கூடாது. கடவுச்சீட்டு உங்கள் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். விமானத்துக்குக் காசும் இருக்கும். ஆனால் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். எப்போது முடிவு வரும் என்று கேட்டு எழுதினால், உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று மட்டும் பதில் வரும். அபெனா இப்படிப் பதினான்கு மாதம் இருந்தார். நான் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு இருந்தது அதைவிடக் கூட. அதனால் எங்கள் இருவருக்கும் அந்த விஷயத்தில் அதிகம் பேசத் தேவையில்லை.

அபெனா என்றால் செவ்வாயில் பிறந்த பெண் என்று அர்த்தமாம். எங்கள் ஆட்கள் சாதகத்தில் செவ்வாய் இருந்தால் அதை ஒளிப்பதற்குப் படாத பாடு படுவார்கள். கானாவில் அதையே பெயராக வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதுவது மூன்றாம் தடவை. முதல் இரண்டிலும் குளிரையும் கோயில் தேரையும் பற்றி எழுதினேன். வாசித்தவர்கள் நல்லது என்றார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. இந்தமுறை நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன்.

2

என் தையல் கடை லண்டனில் பிளேஸ்டோவில், பேருந்துத் தரிப்புக்கு எதிரே. கடைக்கு மேலே வீடு. சாறி பிளவுஸ் தைப்பேன், பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு நீளம் குறைப்பேன், சிப் மாற்றுவேன். ஆனால் நாலு பேருக்கு என்னைத் தெரிவது பரதநாட்டிய உடுப்பால்தான். கிங்ஸ்பரியில் இருந்தும் ரயில் ஏறிப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள்.

கடை யன்னலில் ஒரு பொம்மைக்குப் பச்சையும் அரக்குமாய் ஒரு அரங்கேற்ற உடுப்புப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். அது என் மகள் கௌசிக்குத் தைத்தது. அவளுக்குப் பதினாறு வயது. மண்டபம் பதிவு செய்து, அழைப்பிதழும் அடித்த பிறகு, அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆடமாட்டேன் என்றாள். தனக்கு நடனம் பிடிக்கவில்லை, எனக்குத்தான் பிடித்தது என்றாள். அது உண்மை. உண்மை என்றபடியால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இரண்டு வருடம் சாப்பாடு, பள்ளிக்கூடம் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இருக்கவில்லை. இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. கவுன்சிலில் வேலை, டூட்டிங்கில் வீடு. இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு வருவாள், மிளகாய்த்தூள் கொண்டு போவாள். வரும்போது யன்னலைப் பார்க்கமாட்டாள். அதை எடுத்துவிடு என்று அவள் கேட்டதுமில்லை. வியாபாரத்துக்கு உதவுகிறது என்று நானும் விட்டுவிட்டேன். அவள் கண்ணில் படட்டும் என்றும்தான் விட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் அந்தப் பொம்மையைப் பார்த்துத்தான் அபெனா முதன்முதல் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை. சீருடையோடு நின்றார். இது சுற்றிக் கட்டியதா, தைத்ததா என்று கேட்டார். நான் பொம்மையில் இருந்து கழற்றிக் காட்டினேன். உள்ளே காற்சட்டை மாதிரித் தைத்து, முன்னால் விசிறி மடிப்பு வைத்து, கொளுக்கி போட்டால் ஐந்து நிமிடத்தில் உடுத்திவிடலாம். மேடையில் நின்றால் ஒரு முழுச் சாறியை உடுத்தி ஆடுவதுபோலத்தான் தெரியும்.

அவருக்கு வேண்டியதும் அதேதான். அவருடைய ஊர் குமாசி. அங்கே அடோவா என்று ஒரு ஆட்டம். பெண்கள் துணியை உடம்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். அங்கே வளர்ந்தவர்களுக்குத் துணி இடுப்பில் நிற்கும். லண்டனில் ஜீன்ஸோடு வளர்ந்த அபெனாவின் ஒன்றுவிட்ட சகோதரிகளுக்கு இரண்டு முறை குனிந்தால் அவிழ்ந்து விழுகிறதாம். சுற்றியது போலத் தெரியவேண்டும், ஆனால் தைத்திருக்கவேண்டும், எட்டுப் பேருக்கு. துணி தானே தருவதாகச் சொன்னார்.

ஆட்டத்துக்கு உடுப்புத் தைப்பவள் முதலில் கேட்கவேண்டியது எங்கே மடங்கும், எங்கே விரியும் என்பதை. ஆடிக் காட்டச் சொன்னேன். அபெனா என் கடையின் நடுவில் நின்று ஆடினார். முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கிறது, பாதம் சின்னச் சின்னதாய் நகர்கிறது, இடுப்பு மெல்லத் திரும்புகிறது. பேச்சு முழுக்கக் கையில். கை உருள்கிறது, விரிகிறது, நெஞ்சில் குறுக்கே வந்து நிற்கிறது. எங்கள் முத்திரைபோல ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு என்றார். பொருளை நான் கேட்டேனா என்றால் இல்லை. கை எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று கேட்டேன். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது சட்டை மேலே இழுபடாது என்று விளக்கம் வேறு சொன்னேன்.

முதல் உடுப்பைப் போட்டுப் பார்க்க வந்தபோது அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குள் தலையில் கை வைக்கவேண்டாம், எங்கள் ஆட்கள் அதைக் கெட்ட சகுனம் என்பார்கள் என்று சொன்னேன். எங்களுக்கும் அப்படித்தான் என்றார். கையை எடுக்கவில்லை. சட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

3

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல பருத்தி, கடும் சிவப்பு. வேறு நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. சிவப்பைக் கண்டால் எங்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? கூறைச்சேலை தெரியும், மணவறை தெரியும். ஏதோ கலியாணத்துக்கு ஆடப்போகிறார்கள் என்று நான் என்பாட்டில் முடிவு கட்டிவிட்டேன். அபெனா துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, நல்ல வடிவான நிறம் என்று சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

எட்டு உடுப்பும் ஒரு வியாழக்கிழமை முடிந்து கம்பியில் தொங்கின. பார்த்தால் ஏதோ குறைந்தது. கரை இல்லை. எங்கள் வீட்டில் கரையில்லாத புதுத் துணியைச் செத்தவர்களுக்குப் போர்த்தத்தான் எடுப்பார்கள். அப்படி ஒன்றை என் கையால் எட்டு இளம்பெண்களுக்குக் கொடுக்க மனம் கேட்கவில்லை. கடையில் நல்ல பொன் சரிகை ஒரு முழுச் சுருள் இருந்தது. கழுத்துக்கு, கைக்கு, பாவாடை விளிம்புக்கு, நெஞ்சில் குறுக்கே வரும் மடிப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் வைத்துத் தைத்தேன். அபெனாவிடம் கேட்கவில்லை, சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் மஞ்சள் தொட்டு வைத்தேன். கூலி வாங்கிச் செய்யும் வேலைக்கு இது ஒன்றும் தேவையில்லைத்தான். அன்று எனக்கு என்மேலேயே நல்ல அபிப்பிராயம்.

ஞாயிறு மத்தியானம் கௌசி வந்தாள். வழக்கம்போல யன்னலைப் பாராமல் உள்ளே வந்தவள் கம்பிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“அம்மா, இது ஆருக்கு?”

கானாப் பிள்ளைகளுக்கு, அடோவா என்று ஒரு டான்சுக்கு என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் எதையோ தட்டினாள். அவளோடு கவுன்சிலில் வேலை செய்யும் ஒருவர் கானாக்காரர். அவருடைய தகப்பன் இறந்தபோது இவள் போயிருக்கிறாள். அங்கே மண்டபம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும். அதை முதலில் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தமிழுக்கு வந்தாள்.

“அம்மா, இது செத்தவீட்டு நிறம். அந்த டான்சும் கூடுதலாச் செத்தவீட்டிலைதான் ஆடுறவை.”

செத்தவீட்டுக்கு உடுப்புத் தைக்க ஒருவரும் சிரித்துக்கொண்டு வரமாட்டார்கள் என்று அவளோடு வாதாடினேன். வாதாடும்போதே, அபெனா இந்த இரண்டு மாதத்தில் ஒருமுறையும் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. சிரித்தது நான். கண்ணாடிக்கு முன்னால் தலையில் கை வைத்ததும் சட்டையைப் பார்ப்பதற்கு இல்லை, ஆட்டத்தில் துக்கத்தைக் காட்டுவதற்கு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

அபெனாவுக்கு எடு என்று கௌசி கைத்தொலைபேசியை நீட்டினாள். அபெனாவிடம், யாருக்காக இந்த ஆட்டம் என்று கேட்டேன்.

“என் அம்மாவுக்கு. துணியைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்” என்றார்.

அவருடைய ஊரில் அந்தச் சிவப்பைக் கண்டவர்கள் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்வார்கள். யாரும் வாய்விட்டு அறிவிக்கத் தேவையில்லை. நான் நல்ல வடிவு என்று சொன்னதை, இந்தப் பெண்ணுக்கு இரக்கமில்லை, ஆனால் தையல் நன்றாக இருக்கிறது என்று எடுத்திருக்கிறார்.

4

அபெனா வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தார். எட்டையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உள்மடிப்பில் மஞ்சளைக் கண்டு, சாப்பிட்டுக்கொண்டு தைத்தாயா என்று கேட்டார். அதையும் விளக்கினேன். மஞ்சள் போகாது, உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் இந்தப் பொன் இருக்கமுடியாது என்றார்.

அப்போதுதான் முழுக்கதையும் சொன்னார். தாயைக் குமாசியில் அடக்கம் செய்துவிட்டார்கள். விசா முடிவு வராததால் இவர் போகவில்லை. அவர்களுக்குள் தாய்மாமன்தான் குடும்பத்தின் தலைவர். விசா விதியை அவருக்கு விளங்கப்படுத்த இவரால் முடியவில்லை. ஒரு காகிதத்துக்காகத் தாயைத் தனியே அனுப்பியவள் என்று சொல்லிவிட்டு மாமன் பேச்சை நிறுத்திவிட்டார். அதனால்தான் லண்டனில் சொந்தங்களைக் கூட்டி, அடோவா ஆடி, தாயின் காரியத்தைத் தன் கையால் செய்ய நினைத்தார். வருகிற சனிக்கிழமை. மாமன் அதைக் கைத்தொலைபேசியில் நேரடியாகப் பார்க்கச் சம்மதித்திருந்தார். பார்த்துவிட்டு, சரி என்றால் அபெனா அந்த வீட்டு மகள். இல்லை என்றால் இல்லை. பொன் கரை போட்ட எட்டுப் பேர் அந்தத் திரையில் தெரிந்தால், தாய் செத்ததற்கு மகள் லண்டனில் கொண்டாட்டம் வைத்தாள் என்றுதான் அவர் எடுப்பார்.

நாங்கள் மூவரும் சரிகையைப் பிரிக்கத் தொடங்கினோம். கௌசியை நான் கேட்கவில்லை. தானே ஒரு பிரிகத்தியை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். எட்டு வயதில் இருந்து என் கடையில் வளர்ந்தவள், கை மறக்கவில்லை. இறுக்கமாக, நுணுக்கமாகத் தைப்பேன் என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை அன்று ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஒரு உடுப்பை முடித்துப் பார்த்தால் துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நீராவி பிடித்தேன், வினாகிரி தொட்டு அழுத்தினேன், போகவில்லை.

கறுப்புப் பட்டி வைத்தால் மறைந்துவிடும் என்றாள் கௌசி. சிவப்போடு கறுப்பு சேரலாம் என்று அபெனாவும் சொன்னார். ஆனால் என் கடையில் கறுப்பு இல்லை. கறுப்பு பிளவுஸுக்கு என்னிடம் எவரும் வருவதில்லை, நானும் வாங்கி வைப்பதில்லை. ஞாயிறு பின்னேரம், துணிக்கடைகள் பூட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து என் கணவர் படியில் இருந்து எட்டிப் பார்த்தார். அவர் ஒன்றையும் எறியமாட்டார், அதற்காக நான் திட்டாத நாள் இல்லை.

“ஊர்வலத்துக்குக் கொடி தைச்ச கறுப்புத் துணி கூரைக்குள்ள கிடக்கெல்லே. எடுத்து வரட்டே?”

எடுத்து வந்தார். முக்கால் சுருள். எவ்வளவு தூசி. இவ்வளவு கறுப்பை எதற்கு வாங்கினீர்கள் என்று அபெனா கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் கௌசி பதில் சொன்னாள். ஊரில் கடைசி யுத்தம் நடந்தபோது பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் நாட்கணக்காக நின்றதை, பள்ளிக்கூடம் போகாமல் தானும் ஒரு கொடியோடு நின்றதை, வானொலியில் கேட்ட, செத்தவர்களின் எண்ணிக்கைகளை அம்மா இரவில் யாருக்கோ தொலைபேசியில் சொல்லி அழுததை எல்லாம் சொன்னாள். இவளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வயதில் அவள் சலித்துக்கொண்டு நின்றாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அபெனா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு இது போதும் என்றார்.

திங்களும் செவ்வாயும் கௌசி லீவு எடுத்தாள். அபெனா ஷிப்ட் முடிய வந்து பிரித்துக் கொடுப்பார், நாங்கள் பட்டி வைப்போம். செவ்வாய் பின்னேரம் அபெனா என்னிடம், உன் பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார் என்றேன். அப்பாவைப் பற்றி மெஷினை நிறுத்தாமலே சொன்னேன்.

அப்பா ஊரில், கொக்குவிலில் செத்தார். நான் இங்கே கிழக்கு லண்டனில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கௌசி எட்டு மாதக் குழந்தை. என் விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, வந்திருந்தாலும் போக வழியில்லை, அங்கே சண்டை. தங்கச்சியின் கடிதம் முப்பத்தெட்டாம் நாள் வந்தது. முப்பத்தோராம் நாளோடு சாவுத் துடக்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு செய்தி வந்தால் தலையில் தண்ணீர் வார்த்தால் போதும் என்பது எங்கள் வழக்கம். நான் தண்ணீர் வார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று நாற்பது காற்சட்டைக்கு சிப் வைத்தேன். தங்கச்சி எழுதியிருந்தாள், ஷெல் விழுந்தபடியால் பறைமேளம் பிடிக்கவில்லை, வந்தது பதினொரு பேர், இரண்டு மணித்தியாலத்தில் எடுத்துவிட்டோம் என்று. பதினொரு பேர். அப்பா தபால்காரர், அந்த ஊரில் அவர் படி ஏறாத வீடு கிடையாது.

கௌசி கையில் இருந்த உடுப்பை மடியில் வைத்தாள்.

“ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லை.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அநியாயமான பதில் என்று தெரிந்தது. தெரியாத ஒன்றை ஒரு பிள்ளை எப்படிக் கேட்கும்? அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு மற்ற உடுப்பை எடுத்தாள்.

5

அபெனா என்னையும் என் கணவரையும் கௌசியையும் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். நான் ஒரு வெள்ளைச் சாறியை எடுத்து அயர்ன் பண்ணி வைத்தேன். செத்தவீட்டுக்கு வெள்ளை உடுப்பதில் என்ன யோசனை? கௌசி வெள்ளி பின்னேரம் வந்து அதைக் கண்டாள். அவர்களுக்கு வெள்ளை சந்தோசத்துக்கும் நன்றி சொல்வதற்கும் என்றாள். மூன்றாம் பிழைக்கு நான் தயாராக இருந்திருக்கிறேன். என்னிடம் இருந்த மற்றச் சாறிகளை விரித்துப் பார்த்தோம். ஒன்று விடாமல் சரிகை.

கறுப்புச் சுருள் பட்டிகளோடு முடிந்துவிட்டது. அபெனா கொடுத்த சிவப்பில் மூன்று யார் அளவு துணி மிச்சம் இருந்தது. திருப்பிக் கொடுக்க மடித்து வைத்திருந்தேன். கௌசி அபெனாவுக்குத் தொலைபேசி எடுத்து அதில் வெட்டட்டுமா என்று கேட்டாள், அவர் வெட்டு என்றாராம். என் பழைய பிளவுஸ் ஒன்றை அளவுக்கு வைத்து, எனக்கு ஒரு நீளச் சட்டை தைத்தாள். என்னைத் தொடவிடவில்லை. கை இணைப்பில் சின்னச் சுருக்கம் விழுந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது எனக்கு லேசான காரியமில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னம் நான் அவளுக்குத் தைத்ததை அவள் போடவில்லை. இவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, அவளுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் விளங்கியது. நானாக இருந்தால் மறுத்திருக்க எனக்குத் துணிவு வந்திராது. அதை அவளிடம் சொன்னேன். அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு என் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள், ம் என்றாள்.

6

மண்டபம் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால். எழுபது எண்பது பேர், பெரும்பாலும் கறுப்பு. முன்வரிசையில் அபெனாவும் சொந்தங்களும் சிவப்பும் கறுப்புமாக. தாயின் படம் ஒன்று பூக்களுக்கு நடுவே. அதற்குப் பக்கத்தில் முக்காலியில் கைத்தொலைபேசியைப் பூட்டி, குமாசியில் இருந்த மாமனைத் திரையில் வைத்திருந்தார்கள். கறுப்புத் துணியை ஒரு தோளில் போட்ட கிழவர். அவர் குரல் மண்டபத்து ஒலிபெருக்கியில் வரும்படி செய்திருந்தார்கள். ஆனால் அவர் ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். என் கணவர் கறுப்புக் கோட், கௌசி கறுப்புச் சட்டை. மேளம் தொடங்கியது. எட்டுப் பேரும் வந்தார்கள். நான் உடுப்பைத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. கை மேலே போனபோது சட்டை இழுபடவில்லை. மடிப்பு திரும்பும்போது விரிந்து பிறகு தன்பாட்டில் அமர்ந்தது. எந்தக் கொளுக்கியும் விடவில்லை. கறுப்புப் பட்டி ஆரம்பத்தில் இருந்தே அங்கே இருந்ததுபோல இருந்தது. கடைசியாக அபெனா அவர்களுக்குள் இருந்து தனியே முன்னால் வந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தாயின் படத்துக்கு முன்னால் ஆடினார். முகம் முழுக்கக் கண்ணீர். மாமன் அசையவில்லை.

ஆட்டம் முடியும் நேரம் ஒரு பெண் கைத்தொலைபேசியைக் கழற்றி, வந்திருப்பவர்களைக் கிழவருக்குக் காட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். எங்களிடம் வந்ததும் ஒலிபெருக்கியில் குரல் வந்தது. மேளம் நின்றது. ஆடிய எட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முழு மண்டபமும் பார்த்தது.

அபெனா ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். அந்தச் சிவப்பு, செத்தவருக்கு மிக நெருங்கிய சொந்தங்கள் உடுப்பது. மற்றவர்கள் கறுப்புத்தான். சொந்தச் சிவப்பில் இருக்கும் இந்தப் பெண் யார் என்று மாமன் கேட்கிறார்.

தெரியாது அம்மா, எனக்குத் தெரியாது என்று கௌசி திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு எழுந்து வீட்டுக்கு ஓடவேண்டும் போல இருந்தது. பொன் சரிகையைப் பிரித்துப் பிரித்து விரல் புண்ணாகி, கடைசியில் இந்தக் கிழவருக்கு முன்னால் அபெனாவின் காரியத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அபெனா திரைப்பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் பேசினார். நெடுநேரம் பேசினார். எனக்கு ஸ்ரீலங்கா என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. மாமன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வசனம் சொன்னார், அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த பெண்கள் தலையசைத்தார்கள். அபெனா கதிரைகளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“உன் அப்பாவின் பெயர் என்ன?”

ஏன் என்று கேட்டேன்.

“இவளுக்கும் ஒரு சாவு இருக்கிறது, இன்னும் அழவில்லை என்று மாமாவிடம் சொன்னேன். உன் தாயின் காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டாய், அவளுடைய தகப்பனுக்கும் செய்து அனுப்பு என்கிறார்.”

எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. கௌசிதான் எழுந்து போனாள். நூறு பேருக்கு முன்னால் மேடை ஏறமாட்டேன் என்றவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். கணபதிப்பிள்ளை, கொக்குவில், தபால்காரர், என் தாத்தா என்று சொன்னாள். மேளம் திரும்பத் தொடங்கியது. எட்டுப் பேரும் எங்களைச் சுற்றி வந்து ஆடினார்கள். நான் வாய்விட்டு, சத்தம் போட்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவது மாதிரி அழுதேன். ஒருவரும் என்னை அழவேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு அவர்களுடைய வழக்கப்படி முழு மண்டபமும் வரிசையாக வந்தது. துக்கக்காரரின் கையைப் பிடித்து, ஆறுதலாக டுவே என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். எனக்கு ஒரு பக்கம் என் கணவர், மறுபக்கம் கௌசி. முதலில் என் கை, பிறகு அவளுடைய கை. வந்தவர்களை அவள் எண்ணியிருக்கிறாள். எழுபத்தாறு பேர் என்று ரயிலில் வரும்போது சொன்னாள். அப்பா செத்து இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு எழுபத்தாறு பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள்.